இடது மட்கார்டு

அன்று ஆயுத பூசைக்குப் பட்டறையில் இருந்தவர்கள்: முதலாளி ஆவுடையப்பன், அவர் மனைவி சண்முகத்தாய், மோல்டு போடும் பொன்னுராஜ், கண்ணாடி நார் மேட் வெட்டும் கருத்தம்மாள், காருக்குச் சொந்தக்காரரான ராஜபாளையம் மில்காரர் மகன் திருப்பதி ராஜா, அவருடைய டிரைவர், நான். என் மனைவி நாச்சியார் வரவில்லை. கருத்தம்மாள் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். ஏட்டு உக்கிரபாண்டி எழுதவில்லை.

சுண்டல் நன்றாக இருந்தது. சண்முகத்தாய் கையில் தேங்காய் தாராளமாக விழும். ஸ்டேஷனிலும் நான் சுண்டலில் இருந்துதான் ஆரம்பித்தேன். எதையும் நடந்தபடி சொல்வது என் வழக்கம். அங்கே சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

என் பெயர் வீரணன். சொந்த ஊர் சுந்தரபாண்டியம். பாலிடெக்னிக் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்தினேன். பிறகு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நைட் ஷிப்ட். ஆறு வருஷம் இரவில் விழித்துப் பகலில் தூங்கினேன். அதையும் விட்டேன். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரில் சொல்லிவைத்தேன். உண்மையில், ஷிப்டுக்கு நடுவே சுவரேறிப் போய் வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்புவதை மேஸ்திரி பெரிதுபடுத்தினார். மிஷினை நான் அனாதையாக விட்டுவிட்டுப் போனதில்லை. பக்கத்து ஆளிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். அப்போது மில்லுக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். வீட்டில் மனைவி தனியாக இருக்கிறாள். சாத்திய கதவைப் பார்த்துவிட்டு வருவதில் என்ன தப்பு?

வேலைக்குக் கிளம்பும்போது கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே ஓர் இழை நூலை ஒட்டிவிட்டு வருவேன். மில்லில் நூலுக்கா பஞ்சம். காலையில் போய்ப் பார்த்தால் அறுந்திருக்கும். வாசல் தெளிக்கத் திறந்தேன் என்பாள். அப்படியும் இருக்கலாம். நான் சண்டை போட்டதில்லை. தெரிந்ததைச் சொல்லிவிட்டால் எதிராளி ஜாக்கிரதையாகிவிடுவான். மனதுக்குள் குறித்துவைத்துக்கொள்வேன்.

மில்லை விட்டபின் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து, மடவார் வளாகத்தில் வீடு பிடித்தேன். அதே தெருக்கோடியில், ராஜபாளையம் ரோட்டோரத்தில், ஆவுடையப்பனின் பைபர் பட்டறை. தண்ணீர்த் தொட்டி, பஸ்ஸுக்கு டேஷ்போர்டு, பள்ளிக்கூடத்துச் சறுக்கு மரம் என்று செய்துகொண்டிருந்தார். பகல் வேலை. வீடு கூப்பிடு தூரம். எனக்கு அது போதும். காலையில் பட்டறை திறக்கிற சாவியையும் என்னிடமே கொடுத்துவிட்டார்.

தெரியாதவர்களுக்காகத் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். செய்ய வேண்டிய பொருளின் மாதிரி ஒன்றின்மேல் முதலில் அச்சு எடுக்க வேண்டும். அதைத்தான் மோல்டு என்கிறோம். அதன் உள்பக்கம் மெழுகு தேய்த்து, ஜெல்கோட் அடிக்க வேண்டும். அதுதான் பொருளின் மேல்தோல். அது பிடித்து வருகிறபோது அதன்மேல் கண்ணாடி நார் மேட்டை வைத்து, ரெசின் ஊற்றி, உருளையால் அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். மேட் போடத் தாமதமானால் ஜெல்கோட் சுருங்கி, வளைவான இடங்களில் மோல்டை விட்டுத் தூக்கிக்கொள்ளும். பிறகு அது குப்பை.

கண்ணாடி நார் என்பது கண்ணுக்குத் தெரியாத ஊசி. வெட்டும்போது பறந்து முழங்கையில், கழுத்தில், இடுப்பு மடிப்பில் ஏறிக்கொள்ளும். பிறகு அரிக்கும். சொறிந்தால் இன்னும் உள்ளே போகும். வெயிலில் கையைச் சாய்த்துப் பிடித்தால் மினுங்கும். வேறு எந்த அரிப்புக்கும் அந்த மினுக்கு கிடையாது.

வேலைத் துணியை நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. இது முக்கியம். பட்டறையிலேயே கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கிணற்றடியில் குளித்து, துண்டால் துவட்டி, நல்ல சட்டை போட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன். ஆகவே என் மூலமாக என் வீட்டுக்குள் நார் வர வழியில்லை.

கார் வந்தது எண்பத்தொன்பதாம் வருஷம், ஆடி மாதம். மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை ஓட்டிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. நல்ல சிவப்பு. திருப்பதி ராஜா அதை எங்கேயோ ஒரு கோழிக்கொட்டகையில் இருந்து மீட்டிருந்தார். லாரியில் இருந்து பலகை வைத்து இறக்கும்போது டிரைவரிடம் "மெல்லகா, மெல்லகா" என்று தெலுங்கில் கெஞ்சிக்கொண்டே இருந்தார். பெற்ற பிள்ளையை இறக்குவது போல. தார்ப்பாய் மூடித்தான் வந்தது, உள்ளே போனபின்தான் பிரித்தோம். இதுவும் முக்கியம்.

பானெட்டும் டேஷ்போர்டும் பெரிய வேலை இல்லை. சிக்கல் இடது மட்கார்டில் இருந்தது. வலது பக்கம் முழுசாக இருந்தது. இடது பக்கம் துருவே தின்றுவிட்டது. அந்தக் காருக்கு மட்கார்டு என்பது சக்கரத்துக்கு மேலே எழும்பி, கதவு வரைக்கும் நீளமாக இறங்கி வரும். வலதைப் பார்த்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி, இடதைக் கையாலேயே உருவாக்க வேண்டும். அதைப் பொன்னுராஜ் எடுத்துக்கொண்டான்.

பொன்னுராஜ் செட்டியார்பட்டிக்காரன். வேதக்காரப் பையன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவான். மனைவி கிருபாபாய், ஒரு பெண் குழந்தை. பஸ்ஸில் வந்து போவான். என்னைவிட நான்கைந்து வயது சின்னவன். அண்ணே என்பான். நாச்சியாரை மதினி என்பான். அண்ணன் பெண்டாட்டியை மதினி என்பது எல்லோருக்கும் வழக்கம்தான். வழக்கம் என்பது எதையும் மறைத்துவைக்க நல்ல இடம். மத்தியானம் என்னோடு இரண்டு தடவை வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கிறான். இரண்டாம் தடவை, "மதினி, ரசம் இன்னுங் கொஞ்சம்" என்று கேட்டான். முதல் தடவை அவன் வந்தபோது ரசம் வைக்கவில்லை. ரசம் நன்றாக இருக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

மாதிரி முடிந்த அன்று திருப்பதி ராஜா வந்து அந்த மட்கார்டைத் தடவித் தடவிப் பார்த்தார். வலதுக்கும் இடதுக்கும் மாறி மாறி நடந்தார்.

"எப்படிய்யா புடிச்ச இந்த வளைவ?"

"தண்ணிக்குடம் தூக்கிட்டுப் போற பொம்பள இடுப்ப நெனச்சுக்கிட்டேன் மொதலாளி. கை தன்னால போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். கருத்தம்மாள் கத்தரிக்கோலைக் காட்டினாள். "ஏலே, கிருபாபாயிகிட்டச் சொல்லட்டா? வெளக்குமாறு பிஞ்சிரும்."

"அவ இடுப்பத்தாம்க்கா சொன்னேன். தாராளமாச் சொல்லுங்க. இன்னைக்காவது சோத்துல ஒரு மீனு கூட விழும்."

நானும் சிரித்தேன். கிருபாபாய் செட்டியார்பட்டியில் இருக்கிறாள். அவள் வீட்டு முற்றத்திலேயே அடிபம்பு. அவள் எதற்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கப்போகிறாள்? பட்டறை வாசல் வழியாகத் தினமும் குடத்தோடு போகிறவர்கள் ஆறேழு பேர் உண்டு. அதில் என் மனைவியும் ஒருத்தி. எல்லோரும் போனபின் அந்த வளைவில் கையை வைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வளைவுதான்.

அந்த வாரத்தில்தான், மோல்டுக்கு மேட் போடும் வேலை எனக்கும் கூடியிருந்தபோது, நாச்சியார் சொறிய ஆரம்பித்தாள். இரண்டு முழங்கையிலும், அடிவயிற்றிலும், சேலை செருகுகிற இடத்திலும்.

"என்ன கையி?"

"தெரியல. அரிச்சுப் பிடுங்குது. வேப்பெண்ணெய் போட்டும் கேக்கல."

வாசல் வெயிலுக்குக் கூட்டிப்போய்க் கையைத் திருப்பிப் பார்த்தேன். மினுங்கியது. உளுந்து தூசியாக இருக்கும் என்றேன். அன்று சாயங்காலம் அவள் துவைத்துக் காயப்போட்டிருந்த சேலையை எடுத்து உதறிப் பார்த்தேன். அதிலும் இருந்தது. பாய் விரிப்பில் இருந்தது. தலையணை உறையிலும் இருந்தது. எங்கள் பட்டறையில் நார் வேலை செய்கிற ஆண்கள் இரண்டே பேர். அதில் நான் குளித்துவிட்டு வருகிறவன்.

இன்னொரு நாள் சோறு போடும்போது கேட்டாள்: "செவப்புக் காருக்கு மூஞ்சி வச்சாச்சா?"

கார் சிவப்பு என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை. யார் சொன்னது என்றேன். "நீங்கதாம். தூக்கத்துல பேசிக்கிட்டே கெடந்திய, செவப்பு செவப்புன்னு" என்றாள். நான் தூக்கத்தில் பேசி நான் கேட்டதில்லை. நைட் ஷிப்ட் பார்த்தவர்கள் எல்லோருமே தூக்கத்தில் பேசுவார்கள் என்று மில் டாக்டர் ஒருதடவை சொன்னார்தான். ஆனால் நான் மில்லை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இவ்வளவு தெரிந்தும் நான் பொன்னுராஜிடம் முகம் கோணவில்லை. வேலையில் அவன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. மாதிரியில் இருந்து மோல்டு எடுத்து, மெழுகு தேய்த்து, அதையும் தினம் துடைத்துத் துடைத்து வைத்தான். மோல்டுக்குள் முகம் தெரிந்தது. முடிவு என்று நானும் எதையும் எடுக்கவில்லை. காரியங்கள் தானாக ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தன.

ஆயுத பூசையன்று காலையில் பட்டறையைத் திறந்ததும், மற்றவர்கள் வருவதற்குள், இடது மட்கார்டு மோல்டில் ஜெல்கோட் அடித்தேன். அன்று வேலை கிடையாது என்று தெரியும். சாமான்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசை போட்டுவிட்டால் மறுநாள் காலை வரை எதையும் தொடக்கூடாது. ஆனாலும் அடித்தேன். கை சும்மா இருக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொன்னுராஜ் பத்து மணிவாக்கில் வந்தான். மோல்டைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"என்னண்ணே இது? இன்னைக்குப் போயி ஜெல்கோட் அடிச்சிருக்கிய?"

"மறந்துட்டேன்லே. பாத்துக்கிடலாம்."

"எம்புட்டு வெயிலு அடிக்கி. நாளைக்கு வரைக்கும் தாங்குமா? வளைவுல பிச்சுக்கிட்டு நின்னுச்சுன்னா மோல்டையும் சேத்துல்லா இழுக்கும். ரெண்டு மாசப் பாடுண்ணே."

"சாமி பாத்துக்கிடும்."

அவன் மோல்டைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

மோல்டு இருந்த அறை ஒரே கதவு வைத்த அறை. தூசி விழாமல் இருக்க ஜன்னலை ஆணியடித்து பாலிதீன் தைத்திருந்தோம். பூசையும் அந்த அறையில்தான். நாங்கள் பலகை போட்டு, உருளை, கத்தரி, பிரஷ், டிரில்லிங் மிஷின் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தோம். வைத்தோம் என்றால் நான்தான் வைத்தேன். பிரஷ் கழுவுகிற, பெட்ரோல் மாதிரி பற்றும் அசிட்டோன் தகரத்தையும் வைத்தேன். அதுவும் தொழில் சாமான்தானே. பலகைக்குக் கீழே, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். மூடி தளர்வாக இருந்தது. இறுக்கியிருக்கலாம்.

பொழுது சாயப் பூசை முடிந்தது. சண்முகத்தாய் எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தாள். திருப்பதி ராஜா தன் காருக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு டிரைவரோடு கிளம்பினார். ஆவுடையப்பன் மனைவியோடு விருதுநகருக்கு, மச்சினர் வீட்டுக்குப் போனார். போகும்போது, "வெளக்கு பாட்டுக்கு எரியட்டும் வீரணா. பூட்டிட்டுப் போ. காலைல நான் வாரதுக்கு முந்தி ஒருத்தரும் தொறக்கக் கூடாது" என்றார். கருத்தம்மாள் பட்டறைக்கு எதிர்வீட்டுக்காரி, அவளும் போய்விட்டாள். பொன்னுராஜ் பஸ் ஏறப் போனவன் திரும்பி வந்தான். அவன் வருவான் என்று எனக்குத் தெரியும். வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, ஒரு ஒத்தாச."

"என்னலே?"

"செத்த நேரம் உள்ள விடுங்க. ரெண்டு மேட்டு மட்டும் போட்டுருதேன். இப்பவே ஓரத்துல சுருக்கம் விழுது, பாத்தேன்."

"பூச போட்ட சாமானத் தொடலாமாலே? மொதலாளிக்குத் தெரிஞ்சா?"

"தெரியாமத்தாம் பண்ணணும். என்னைய உள்ள விட்டு வெளிய பூட்டிருங்க. பூட்டு தொங்குனா ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாக. வீட்டுக்குப் போயி ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்து தொறந்து விடுங்க. நான் கடைசி பஸ்ஸப் புடிச்சிருவேன்."

"வெளக்கு எரியுதே."

"அது பாட்டுக்கு எரியட்டும். உங்க சாமி வெளக்க நான் அணைச்சா நல்லாருக்காது. நான் தள்ளி நின்னு வேல பாக்கேன்."

அவன் உள்ளே போனான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பூசைப் பலகைக்கு முன்னால் போய், உருளையை எடுக்கும் முன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வேதக்காரன் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. கதவைச் சாத்திப் பூட்டினேன். அவன் பூட்டச் சொன்னான், பூட்டினேன். இதில் நானாகச் செய்தது எதுவும் இல்லை. திறப்பதைத்தான் செய்யவில்லை.

வீட்டில் நாச்சியார் கையில் வேப்பெண்ணெயோடு உட்கார்ந்திருந்தாள். பூசைக்கு ஏன் வரவில்லை என்றேன். "இந்தக் கைய வச்சுக்கிட்டு நாலு பேரு முன்னால எப்படி வாரது? சொறி புடிச்சவன்னு சொல்ல மாட்டாகளா?" என்றாள். பிறகு, "பொன்னுராசு போயாச்சா? அவரு பிள்ளைக்குக் கொஞ்சம் பொரிகடலை கட்டி வச்சேன்" என்றாள். காகிதப் பொட்டலம் ஒன்று தயாராக இருந்தது.

"போயாச்சு" என்றேன். சோறு சாப்பிட்டேன்.

கருத்தம்மாள் தெருவில் கத்திக்கொண்டே ஓடி வந்தாள். "ஏ வீரணா, பட்டறையில கரும்பொகையா வருதுலே. சாவியக் கொண்டாலே."

சாவியைத் தேடினேன். மாடத்தில் தேடினேன், சட்டைப் பையில் தேடினேன், அரிசிப் பானைக்குப் பின்னால் தேடினேன். நாச்சியார் தேடினாள். டீக்கடை சமுத்திரம் வந்து அவனும் தேடினான். சாவி என் இடுப்பு மடிப்பில் இருந்தது. தேடுகிறவனின் இடுப்பை யாரும் தேடுவதில்லை.

பட்டறைக்குப் போனபோது தெருவே நின்றது. வாளிவாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தகரக் கதவுக்குப் பின்னால் டம் டம் என்று சத்தம். "டப்பா வெடிக்கிலே. எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று சமுத்திரம் கத்தினான். எல்லோரும் தள்ளி நின்றார்கள். உள்ளே ஆள் இருக்கிறான் என்று அந்தத் தெருவில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். டப்பா வெடிக்கிற சத்தத்துக்கு ஒழுங்கு இருக்காது. அந்தச் சத்தம் முதலில் ஒழுங்காக இருந்தது. அப்புறம் கதவின் கீழ்ப்பாகத்தில் இருந்து வந்தது. அப்புறம் இல்லை. அதன்பிறகுதான் ஒருவர் கடப்பாரை கொண்டுவந்து பூட்டை உடைத்தார்.

என்னை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. பொன்னுராஜ் மேட் போடுவதற்காகத் திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்திருக்கிறான், நான் கவனிக்காமல் பூட்டிவிட்டேன் என்று அவர்களே பேசி முடிவு செய்துகொண்டார்கள். வந்த போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது. ஆவுடையப்பன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தெரியாமப் பண்ணதுக்கு நீ என்னப்பா செய்வ?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். குனிந்த தலைக்கு ஊரில் மரியாதை உண்டு.

செட்டியார்பட்டிக் கல்லறைத் தோட்டத்துக்கு நாச்சியாரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் எப்படி அழுகிறாள் என்று பார்க்க வேண்டியிருந்தது. எல்லோரும் அழுத அளவுக்குத்தான் அழுதாள். அவ்வளவு அடக்கமாக அழ ஒருத்திக்கு நிறையப் பழக்கம் வேண்டும். பொரிகடலைப் பொட்டலத்தை அந்தக் குழந்தை கையில் கொடுத்தாள். கிருபாபாய் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அந்த நிலைமையிலும் பார்த்தாள்.

"ஒங்களுக்கும் இப்படியாக்கா? அவிய துணிய, துண்ட எல்லாம் நான் தனியாத்தாம் ஊறப்போடுவேன். ஒண்ணா அலசுனா நம்ம சீலையில ஏறிக்கிடும். மொத வருசம் எனக்கும் இப்படித்தாம் இருந்துச்சு" என்றாள்.

புருஷன் மண்ணுக்குள் போய்க் கால்மணி நேரம் ஆகவில்லை. அதற்குள் அவன் மானத்தைக் காப்பாற்ற ஒரு காரணம் தயார் செய்துவிட்டாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. நல்ல பெண்டாட்டி என்றுதான் நினைத்தேன்.

அதன்பின் இரண்டு மாதத்துக்கு மேல் பட்டறை இல்லை. எரிந்ததை ஒதுக்கி, ஆபீஸர்கள் வந்து பார்த்து, ஆவுடையப்பன் வேறு ஷெட் பிடிக்கும்வரை நான் வீட்டிலேயே கிடந்தேன். அந்த நாட்களில் நாச்சியார் ஒரு தடவைகூடச் சொறியவில்லை. கை தெளிந்துவிட்டது. புண் ஆறி, பழைய நிறம் வந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவன் போனான், அரிப்பும் போனது. என் மனதில் அதுவரை ஒரு மூலையில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது என்றால் அதுவும் தீர்ந்தது. நன்றாகத் தூங்கினேன்.

மார்கழியில் புது ஷெட் திறந்தோம். தெருவுக்கு மறுகோடியில். திருப்பதி ராஜா காரை அங்கே கொண்டுவந்தார். கார் வாசல் பக்கம் நின்றதால் தப்பித்திருந்தது. இடது மட்கார்டை இனி நான்தான் செய்ய வேண்டும். செய்தேன். அவர் வந்து பார்த்தார், தடவினார், ஒன்றும் சொல்லவில்லை. வலதுக்கும் இடதுக்கும் நடக்கவும் இல்லை. நானும் வலதைப் பார்த்துத்தான் செய்தேன். ஆனால் என் கைக்கு அந்த இடுப்பு வரவில்லை.

திறந்து பத்து நாளுக்குள் நாச்சியார் மறுபடி சொறிந்தாள். அதே முழங்கை. அதே அடிவயிறு. வெயிலில் பார்த்தேன். அதே மினுக்கு.

நான் உட்கார்ந்து யோசித்தேன். பொன்னுராஜ் இல்லை. அப்படியென்றால் இன்னொருவன் இருக்கிறான். ஷெட்டில் இப்போது நார் தொடுகிற ஆண்கள் நானும் ஆவுடையப்பனும்தான். கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லாமல் அவரே உருளை பிடித்தார். ஐம்பது வயசுக்காரர். என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதவர். அழுதது எதற்கு என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். சோதித்துப் பார்க்க நாச்சியாரை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். ஒரு வாரத்தில் கை ஆறியது. கூட்டி வந்தேன், திரும்பவும் வந்தது. ஒருநாள் அவளே, "அந்தக் கிருபாபாய்ப் பிள்ள சொன்ன மாதிரி ஒங்க துண்டத் தனியா அலசிப் பாக்கட்டா?" என்று கேட்டாள். எங்கே பாடம் படித்தாள் என்று எனக்குத் தெரியாதா? வேண்டாம், எப்போதும் போல எல்லாத்தையும் சேர்த்தே போடு என்றேன்.

புது ஷெட்டுக்கும் சாவி என்னிடம்தான் இருந்தது. நான் அவசரப்படவில்லை. நான் ரவுடி இல்லை. டவுன் ஸ்டேஷனுக்குப் போய் ஏட்டு உக்கிரபாண்டியிடம், என் முதலாளி மேல் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். என்ன விஷயம் என்றார். சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வீட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்டப் பேசுங்க. இதெல்லாம் கேசாய்யா?" என்றார்.

"இல்லைங்கய்யா, இந்தத் தடவை சட்டப்படியே போகணும்னு நெனைக்கேன்" என்றேன்.

அவர் பேனாவை மூடப் போனவர், மூடவில்லை.

"இந்தத் தடவைன்னா? போன தடவ என்னலே பண்ணுன?"

ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை. நியாயம் என் பக்கம் இருந்தது. அன்று பூசைக்கு யார் யார் இருந்தார்கள் என்பதில் இருந்து ஆரம்பித்து, சுண்டல், ஜெல்கோட், அசிட்டோன் தகரம், இடுப்பில் இருந்த சாவி, கதவின் கீழ்ப்பாகத்தில் வந்த சத்தம் என்று எல்லாம் சொன்னேன். நடுவில் அவர் எழுந்து போய் இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மறுபடி முதலில் இருந்து சொன்னேன். இரண்டு தடவையும் ஒரே மாதிரி சொன்னேன். இன்ஸ்பெக்டர் நாச்சியாரை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். ஏட்டு அவளுடைய அம்மா ஊர் எது என்று கேட்டார். எதற்கு என்று நான் கேட்டேன். பதில் சொல்லவில்லை.

பிறகு லாக்கப்பைத் திறந்து, பெல்ட், அரைஞாண், துண்டு எல்லாம் கழற்றச் சொன்னார். கழற்றினேன். துண்டை வாங்கி அவர் தன் முழங்கையில் போட்டுக்கொண்டார்.

"அத மத்த துணியோட போட்டுறாதீங்க ஏட்டய்யா" என்றேன். "நார் இருக்கும். மத்தவங்க துணியில ஏறிக்கிடும், அரிக்கும். தனியாத்தாம் அலசணும்."

அவர் துண்டைப் பார்த்தார். பிறகு என்னை வெகுநேரம் பார்த்தார்.

"இது ஒனக்கு முன்னமே தெரியுமாலே?"

"தொழில்ல இருக்கவனுக்குத் தெரியாம இருக்குமாய்யா?"

அவர் என்னை உள்ளே போகச் சொல்லிக் கம்பிக் கதவைச் சாத்தினார். பூட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பும்போது முழங்கையைச் சொறிந்துகொண்டார். நாச்சியாரின் அம்மா ஊரை அவர் எதற்குக் கேட்டார் என்பது எனக்கு அப்போது விளங்கியது. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.